வீட்டுக்கு வந்த அச்சுக்கூடம்: அச்சுக்கோப்பு மென்பொருளை நிறுவும் வழிகள் ஓர் ஆய்வு

அச்சுக்கோப்பு மென்பொருளை வீட்டுக் கணினியில் முதன்முறையாக நிறுவ முனைபவருக்கு எழும் கேள்வி சிறியது: எதை நிறுவுவது, எப்படி நிறுவுவது? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இதற்கு விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றையும் மொத்தமாக நிறுவிக்கொள் என்றனர் சிலர். தேவைப்படும்போது தேவையானதை மட்டும் இறக்கிக்கொள் என்றனர் வேறு சிலர். நிறுவவே வேண்டாம், உலாவி போதும் என்பது மூன்றாவது விடை. கட்டளை எழுதும் முறையே வேண்டாம், பக்கத்தைக் கண்ணால் பார்த்தபடி அமைக்கும் மென்பொருளுக்குப் போ என்பது நான்காவது. பழைய கட்டடத்தை விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பது அண்மையில் வந்த ஐந்தாவது.

இந்த ஐந்து நிலைப்பாடுகளும் எந்தச் சூழலில் பிறந்தன, எங்கே வலுவாக நிற்கின்றன, எங்கே தளர்கின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. புதியவரின் சுமையை இறக்கிவிட்டதாக ஒவ்வொரு விடையும் சொல்கிறது. உண்மையில் பெரும்பாலானவை அந்தச் சுமையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியிருக்கின்றன என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. தமிழில் எழுதுபவருக்கு இதில் கூடுதலாக ஓர் அடுக்கு உண்டு என்பதால் அது தனியாகப் பேசப்படுகிறது.

நிறுவுதல் எப்போது கேள்வியானது?

ஈய எழுத்துகளின் காலத்தில் அச்சுக்கோப்பு என்பது அச்சகத்துக்குள் நடந்த வேலை. எழுத்துப் பெட்டிகளும் கம்பாசிட்டரின் கைப்பழக்கமும் அங்கேயே இருந்தன. எழுதியவரின் வீட்டுக்கு வந்தவை மெய்ப்புத் தாள்கள் மட்டுமே. இந்த எல்லை கணினியால்தான் உடைந்தது.

1977இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு க்னூத், தமது 'த ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கான மெய்ப்புகளைப் பார்த்தார். முந்தைய பதிப்பு ஈய எழுத்தில் கோக்கப்பட்டது. புதியது ஒளியச்சுக்கோப்பில் வந்திருந்தது. அதன் தோற்றம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஓராண்டு விடுப்பில் முடித்துவிடலாம் என்று அவர் தொடங்கிய 'டெக்' மென்பொருளும், அதனோடு சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பு நிரலான 'மெட்டாஃபான்ட்'டும் ஏறத்தாழ பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டன. பின்னர் லெஸ்லி லாம்போர்ட், டெக்கின் மேல் 'லேடெக்' என்ற கட்டளைத் தொகுப்பை எழுதினார். அதற்கான கையேடு 1986இல் நூலாக வந்தது.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் இவற்றைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்தவர்கள். அங்கே மென்பொருளை நிறுவியவர் கணினி நிர்வாகி. ஆய்வாளர் இருக்கையில் அமர்ந்து கட்டளையைத் தட்டினால் போதும். தனியாள் கணினி வீட்டுக்கு வந்தபோதுதான் நிர்வாகியின் வேலையும் பயனரின் தலையில் விழுந்தது. டாஸ் கணினிகளுக்காக எபர்ஹார்டு மாட்டெஸ் உருவாக்கி இலவசமாக வழங்கிய 'எம்டெக்' பலருக்கு வழி திறந்தது. ஆனால் கோப்புகள் எந்த அடைவில் இருக்கின்றன என்பதைக் கணினியின் தொடக்கக் கோப்பில் பயனரே எழுதிவைக்க வேண்டியிருந்தது. ஒரு பாதையைத் தவறாக எழுதினாலும் பக்கம் வராது.

இந்தச் சிக்கலின் வேர், டெக் ஒற்றை மென்பொருள் அல்ல என்பதில் இருக்கிறது. உரையை எழுத ஒரு திருத்தி வேண்டும். அதைப் படித்துப் பக்கமாக்க ஓர் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்துக்குத் தலைப்பு, பத்தி, அடிக்குறிப்பு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க லேடெக் போன்ற கட்டளைத் தொகுப்பு வேண்டும். அட்டவணை, படம், மொழி என ஒவ்வொரு தேவைக்கும் துணைப் பொதிகள் வேண்டும். எழுத்துருக்கள் வேண்டும். முடிவில் வெளிவரும் கோப்பைப் பார்க்க ஒரு காட்டி வேண்டும். பயனர் ஒரு பொத்தானை அழுத்தும்போது இந்த உறுப்புகள் வரிசையாக ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கின்றன. இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலோ, வேறு அடைவில் இருந்தாலோ, பதிப்பு ஒத்துவராவிட்டாலோ சங்கிலி அறுந்துவிடும். நிறுவுதல் குறித்த விவாதங்கள் அனைத்தும், இந்தச் சங்கிலியை யார் கோத்துத் தருவது என்பதைப் பற்றியவைதாம்.

முதல் நிலைப்பாடு: முழுவதையும் நிறுவுக

1990களின் தொடக்கத்தில், உலகெங்கும் சிதறிக் கிடந்த டெக் பொதிகளை ஓரிடத்தில் திரட்டும் 'சிடான்' இணையக் களஞ்சியம் உருவானது. அதே பத்தாண்டின் நடுப்பகுதியில், எந்த வகைக் கோப்பு எந்த அடைவில் இருக்க வேண்டும் என்பதற்குப் பொதுவான ஓர் ஒழுங்கும் வகுக்கப்பட்டது. இந்த இரண்டின் மேல்தான் 1996இல் 'டெக் லைவ்' என்ற தொகுப்பு குறுந்தகடாக வெளிவந்தது. பல நாட்டு டெக் பயனர் குழுக்கள் சேர்ந்து செய்த பணி அது. அதன்பின் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. மேக் கணினிகளுக்கான 'மேக்டெக்'கும் இதே தொகுப்பைத்தான் சுமந்து வருகிறது.

இந்நிலைப்பாட்டின் தர்க்கம் எளிது. எந்தப் பொதி தேவைப்படும் என்பது புதியவருக்குத் தெரியாது. தெரியாதவரிடம் தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயமன்று. ஆகவே எல்லாவற்றையும் ஒருமுறை கொடுத்துவிட்டால், பிற்பாடு 'கோப்பு கிடைக்கவில்லை' என்ற பிழைச்செய்தியே பெரும்பாலும் எழாது. வட்டு இடம் மலிந்துவிட்ட இக்காலத்தில் இது வலுவான வாதம். இணைய இணைப்பு நிலையற்ற இடங்களில் இருப்பவருக்கும் இதுவே பொருந்தும்; ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு இணையமின்றியே வேலை செய்யலாம்.

குறைகளும் உண்டு. முழுத் தொகுப்பு பல ஜிகாபைட் அளவுள்ளது. அதைவிடப் பெரிய தடை, அது ஏராளமான சிறுசிறு கோப்புகளால் ஆனது என்பது. விண்டோஸ் கணினியில் நச்சுநிரல் தடுப்பான் ஒவ்வொரு கோப்பையும் சோதித்துக்கொண்டிருக்க, நிறுவல் மணிக்கணக்கில் நீளக்கூடும். பாதியில் கணினி உறைந்துவிட்டதாக எண்ணி நிறுத்திவிடும் புதியவர், அரைகுறை நிறுவலோடு தொடங்கி அடுத்தடுத்த பிழைகளில் மாட்டிக்கொள்கிறார். பயனர் கணக்கின் பெயரை ஆங்கிலமல்லாத எழுத்துகளில் வைத்திருப்பவர்களுக்கும் விண்டோஸில் நிறுவும்போது தொல்லை வரக்கூடும். தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொரு குறை ஆண்டுக் கணக்கைச் சார்ந்தது. புதிய ஆண்டின் பதிப்பு வந்ததும் பழைய பதிப்புக்குப் புதுப்பிப்புகள் நின்றுவிடுகின்றன. பழையதைக் கொண்டு புதிய களஞ்சியத்திலிருந்து ஒரு பொதியை இறக்க முயன்றால் நிர்வாகக் கருவி மறுத்துவிடும். லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியம் வழியாக நிறுவியவர்களுக்கு அந்தக் கருவியே முழுமையாக ஒத்துழைக்காமல் போவதுண்டு. இந்த நிலைப்பாட்டில் சுமை குறைகிறது என்பதைவிட, முதல் நாளில் ஒரே மூட்டையாகக் கட்டப்படுகிறது என்று சொல்வதே பொருத்தம்.

இரண்டாம் நிலைப்பாடு: வேண்டும்போது வேண்டியது

கிறிஸ்டியன் ஷெங்க் விண்டோஸுக்காக உருவாக்கிய 'மிக்டெக்', எதிர்த்திசையில் சிந்தித்தது. அடிப்படை உறுப்புகள் மட்டும் முதலில் நிறுவப்படும். ஆவணம் ஒரு பொதியைக் கேட்கும்போது அது கணினியில் இல்லையென்றால், இணையத்திலிருந்து அப்போதே இறக்கிக்கொள்ளும். கேட்டுவிட்டு இறக்கலாமா, கேளாமலே இறக்கலாமா, இறக்கவே கூடாதா என்பதைப் பயனர் தீர்மானிக்கலாம். இதே எண்ணத்தின் பிற்கால வடிவங்கள் 'டைனிடெக்', 'டெக்டானிக்' ஆகியவை. முன்னது 'ஆர்' நிரல்மொழி பயன்படுத்துவோரை மனத்தில் கொண்டு சுருக்கப்பட்ட டெக் லைவ். பின்னது, தேவையானவற்றைத் தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் ஒற்றை நிரல்.

முதல் பக்கம் விரைவில் வெளிவருகிறது என்பது இவ்வழியின் பெரும் பலம். நிறுவத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பலன் கண்ணில் பட்டால் புதியவர் தொடர்ந்து முயல்வார். வேலையின் அளவுக்கேற்ப மென்பொருளும் வளர்கிறது.

ஆனால் எது எப்போது இறங்கும் என்பது பயனர் கையில் இல்லை. இணையம் இல்லாத பொழுதில் புதிய பொதி தேவைப்பட்டால் வேலை நின்றுவிடும். மிக்டெக்கில் கணினி முழுமைக்குமான நிறுவல், தனிப் பயனருக்கான நிறுவல் என இரு மட்டங்கள் உண்டு. ஒன்றைப் புதுப்பித்து மற்றதை விட்டுவிட்டால் பதிப்புகள் முரண்பட்டு, விளங்காத பிழைகள் தோன்றலாம். இந்த இரு மட்டங்களின் வேறுபாடு நிர்வாகிகளுக்கு இயல்பானது. புதியவருக்கு அது தெரியவருவதே பிழை வந்தபிறகுதான். முதல் நிலைப்பாடு வாசலிலேயே இறக்கிவைத்த சுமையை, இரண்டாவது வழிநெடுகச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது.

மூன்றாம் நிலைப்பாடு: நிறுவவே வேண்டாம்

2012இல் 'ரைட்லேடெக்' என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் 'ஓவர்லீஃப்' என்று அறியப்பட்ட சேவை, இந்தக் கேள்வியையே கலைத்துவிட முயன்றது. 2017இல் அது தன்னையொத்த 'ஷேர்லேடெக்' சேவையையும் இணைத்துக்கொண்டது. உலாவியின் இடப்பக்கத்தில் உரையை எழுத, வலப்பக்கத்தில் பக்கம் தோன்றும். பின்னணியில் ஓடுவது முழு டெக் லைவ். ஆனால் அது வேறெங்கோ உள்ள வழங்கிக் கணினியில் ஓடுகிறது. பழைய பல்கலைக்கழக நிர்வாகியின் இடத்தில் இப்போது ஒரு நிறுவனம் இருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

கற்பவருக்கு இதனால் விளைந்த நன்மை மிகப் பெரியது. நிறுவலில் சிக்கிப் பின்வாங்கியிருக்கக்கூடிய பலர் முதல் நாளிலேயே எழுதத் தொடங்க முடிகிறது. ஆசிரியரும் மாணவரும் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். எந்த இயந்திரம், எந்த ஆண்டின் டெக் லைவ் என்பவற்றைப் பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்ளலாம்.

எதிர்வாதங்கள் மூன்று. ஒன்று, இலவசக் கணக்குகளுக்குத் தொகுப்பு நேர வரம்பு உண்டு. படங்கள் நிறைந்த ஆய்வேடு அந்த வரம்பில் முட்டிக்கொள்ளும். இரண்டு, எழுத்து முழுவதும் இன்னொருவர் கணினியில் இருக்கிறது. வெளியிடப்படாத கையெழுத்துப் படியையோ மறைவாகக் காக்க வேண்டிய ஆவணத்தையோ அங்கே வைப்பதில் தயக்கம் எழுவது இயல்பு. மூன்று, சங்கிலியின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் போவதால் அவற்றைப் பற்றிய அறிவும் வளர்வதில்லை. ஒருநாள் சொந்தக் கணினிக்கு மாற நேர்ந்தால் புதியவர் மீண்டும் புதியவராகவே நிற்கிறார். இந்த மூன்றாவது வாதத்தை மிகைப்படுத்தக் கூடாது. எழுதும் மொழியை முதலில் பழகிவிட்டு, பின்னர் நிறுவலைக் கற்பது பலருக்கு எளிதாகவும் இருக்கலாம்.

நான்காம் நிலைப்பாடு: பக்கத்தைப் பார்த்தபடி அமைத்தல்

இந்த நிலைப்பாடு டெக்கைவிடச் சற்று மூத்தது. 1974இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் உருவான 'பிராவோ', அச்சில் வரும் வடிவத்தைத் திரையிலேயே காட்டிய முன்னோடி. அதில் பணியாற்றிய சார்லஸ் சிமோனி 1981இல் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்தார். 1983இல் 'வேர்டு' வந்தது. 1985இல் ஆல்டஸ் நிறுவனத்தின் 'பேஜ்மேக்கர்', ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறி, அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மூன்றும் சேர்ந்தபோது மேசைமேல் பதிப்பு பிறந்தது. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு 'டி.டி.பி. சென்டர்' பலகைகள் எழுந்தது இந்த அலையின் தொடர்ச்சிதான்.

நிறுவல் எளிது என்பது இவ்வழியின் முதல் பலம். ஒரே நிறுவி, ஒரே செயலி. சங்கிலி முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. கட்டற்ற மென்பொருள்களில் 'லிப்ரே ஆஃபிஸ்', 'ஸ்கிரைபஸ்' இரண்டும் இதே வகை. துண்டறிக்கை, அழைப்பிதழ், படங்கள் மிகுந்த இதழ் ஆகியவற்றுக்கு இவையே இயல்பான கருவிகள்.

இரு முறைகளையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது, மார்க்குஸ் க்னாஃப், யெலிட்சா நேயாஸ்மிச் இருவரும் 2014இல் வெளியிட்டது. 40 பேருக்கு மாதிரிப் பக்கங்களைக் கொடுத்து, 30 நிமிடங்களில் அவற்றை அப்படியே உருவாக்கச் சொன்னார்கள். தொடர் உரையிலும் அட்டவணையிலும் வேர்டு பயன்படுத்தியவர்கள் குறைந்த பிழையோடு கூடுதலாக முடித்தார்கள். சமன்பாடுகள் நிறைந்த பக்கத்தில் லேடெக் முந்தியது. லேடெக் பயனர்கள் தங்கள் கருவியோடு கூடுதல் மகிழ்ச்சியாக இருப்பதாகத் தெரிவித்ததும் குறிப்பிடத்தக்கது. இம்முடிவுகளுக்குக் கடுமையான மறுப்புகள் எழுந்தன. ஒரு பக்கத்தின் தோற்றத்தை நகலெடுப்பது, வடிவத்தை மென்பொருளிடம் விட்டுவிட்டு உள்ளடக்கத்தை எழுதும் முறைக்கு உகந்த சோதனையன்று. 300 பக்க நூலில் ஓர் இயலை முன்னுக்கு நகர்த்தும்போது அடிக்குறிப்பு எண்களும் குறுக்குச் சுட்டுகளும் பொருளடைவும் தாமாகத் திருந்துகின்றனவா என்பது அரைமணி நேரத்தில் வெளிப்படாது. ஆயினும் தொடக்கநிலையாளரைப் பொறுத்தவரை அந்த ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. முதல் அரைமணி நேரம்தான் அவரைத் தொடர வைக்கிறது அல்லது துரத்திவிடுகிறது.

இரு முகாம்களுக்கும் இடையே பாலமாக 1995இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கியது 'லிக்ஸ்'. திரையில் தலைப்பும் பத்தியும் பார்வைக்கு ஏற்றபடி தெரியும். பின்னால் லேடெக் இயங்கும். ஆனால் லிக்ஸ் நிறுவுபவரும் அடியில் ஒரு டெக் தொகுப்பை நிறுவித்தான் ஆக வேண்டும். சங்கிலி மறைக்கப்பட்டதே அன்றி நீக்கப்படவில்லை. வேர்டு போன்றவற்றிலும் சுமை இல்லாமல் போவதில்லை. ஆவணம் நீளும்போதும், பல ஆண்டுகள் கழித்து அதே கோப்பை வேறு பதிப்பில் திறக்கும்போதும் அது திரும்பி வருகிறது.

ஐந்தாம் நிலைப்பாடு: புதிதாகக் கட்டுதல்

2023இல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்ட 'டைப்ஸ்ட்', பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் மெட்யே, மார்ட்டின் ஹாக் இருவரும் தொடங்கிய பணி. டெக்கின் பத்தி பிரிக்கும் அறிவை எடுத்துக்கொண்டு, மற்றதை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதினார்கள். ஒற்றை நிரல், நிறுவுவது என்பது ஒரு கோப்பை இறக்கி உரிய இடத்தில் வைப்பதுதான். ஓர் எழுத்தை மாற்றினால் மாறிய பகுதி மட்டும் மீண்டும் கணிக்கப்படுவதால் பக்கம் உடனுக்குடன் திருந்துகிறது. பிழைச்செய்திகள் எந்த வரியில் என்ன தவறு என்று மனிதருக்குப் புரியும்படி சொல்கின்றன. டெக் பிழைச்செய்திகளோடு போராடியவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

ஆனால் அதன் இளமையே அதன் பலவீனம். பொதுவில் வந்த முதல் ஆண்டுகளில் பதிப்புக்குப் பதிப்பு கட்டளைகள் மாறின. ஆய்விதழ்களில் பெரும்பாலானவை லேடெக் அல்லது வேர்டு கோப்புகளையே கேட்கின்றன. மறுபுறம், டெக்கின் உறைந்த நிலை ஒரு பலமாகக் கருதப்படுகிறது. க்னூத் அதில் புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்திப் பிழைகளை மட்டுமே திருத்துகிறார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண் பை என்ற மாறிலியை ஓர் இலக்கம் நெருங்குகிறது. 2021இல் அது 3.141592653 ஆயிற்று. 1980களில் எழுதிய டெக் கோப்பு இன்றும் அதே பக்கத்தைத் தர முடிகிறது. நிறுவ எளிதான ஒன்று அதேயளவு நீடிக்குமா என்பதைக் காலம்தான் சோதிக்க வேண்டும்.

தமிழுக்கான கூடுதல் அடுக்கு

மேற்கண்ட விவாதங்களில் பெரும்பகுதி லத்தீன் எழுத்தை அடிப்படையாகக் கொண்டவை. தமிழில் தொடங்குபவருக்கு எழுத்துரு, எழுத்து வடிவாக்கம் என்ற இன்னோர் அடுக்கு சேர்கிறது. அதனை 'கொ' என்ற ஓரெழுத்தைக் கொண்டே விளக்கலாம். யூனிகோடில் அது 'க', அதனையடுத்து ஒகரக் குறி என இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. அச்சில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். ஒரு குறியைப் பிளந்து இருபுறமும் நிறுத்தும் இந்த வேலையை இயந்திரம் செய்தாக வேண்டும்.

லேடெக்கின் மிகப் பரவலான இயந்திரம் பிடிஎஃப்லேடெக். புதியவர்களுக்குப் பழக்கமான 'டெக்வொர்க்ஸ்' திருத்தியும் நெடுங்காலமாக அதையே இயல்பிருப்பாகக் கொண்டிருக்கிறது. அதில் ஒரு தமிழ் வரியைக் கொடுத்தால், இந்த யூனிகோடு எழுத்தைப் பயன்படுத்த ஏற்பாடு செய்யப்படவில்லை என்ற பொருளில் பிழை எழும். யூனிகோடை நேரடியாகப் படிக்கும் ஜீலேடெக் இயந்திரத்துக்கு மாற்றினால் அந்தப் பிழை மறைந்துவிடும். ஆனால் தமிழ் எழுத்துருவைப் பெயர் சொல்லி அழைக்காவிட்டால் பக்கத்தில் தமிழ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவோ கட்டங்களாகவோ வரும். அந்த எழுத்துருவில் இவ்வெழுத்து இல்லை என்ற குறிப்பு பதிவுக் கோப்பில்தான் கிடக்கும். பதிவுக் கோப்பைப் படிக்கப் பழகாத புதியவர், நிறுவலே தவறிவிட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்குவார். உண்மையில் தேவைப்பட்டவை இரண்டு மாற்றங்கள் மட்டுமே: மெனுவில் இயந்திரத்தை மாற்றுவது, 'நோட்டோ செரிஃப் தமிழ்' அல்லது 'லோகித் தமிழ்' போன்ற யூனிகோடு எழுத்துருவை ஆவணத்தின் தலைப்பகுதியில் குறிப்பிடுவது.

இந்த வழி திறந்தது 2004இல். எஸ்ஐஎல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோனதன் க்யூ, உலக எழுத்துமுறைகளை மனத்தில் கொண்டு 'ஜீடெக்' இயந்திரத்தை உருவாக்கினார். இன்னோர் இயந்திரமான லுவாடெக்கில் ஹார்ஃப்பஸ் எழுத்து வடிவாக்கி இணைந்த வடிவம் 2020இன் டெக் லைவ் முதல் லுவாலேடெக்குக்கு அடிப்படையானது. அதில் தமிழ் எழுத்துருவை ஹார்ஃப்பஸ் வழியாக அழைக்கும்படி குறிப்பிடுவது பாதுகாப்பானது.

பார்த்தபடி அமைக்கும் மென்பொருள்களிலும் தமிழின் பாதை நேரானதாக இல்லை. பேஜ்மேக்கர் யூனிகோடை ஆதரித்ததில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய 'பாமினி' போன்ற எழுத்துருக்களில்தான் பல ஆண்டுகள் நூல்கள் கோக்கப்பட்டன. பக்கம் அழகாக வந்தது. ஆனால் எழுத்துருவை மாற்றினால் உரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறியது, தேடவும் முடியவில்லை. தமிழக அரசு 1999இல் அறிவித்த டாப், டாம் குறியீடுகளும் இணையத் தமிழர்கள் உருவாக்கிய டிஸ்கியும் அந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றவை. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் மொழி அமைப்புப் பகுதிக்குள் சென்று, நிறுவல் குறுந்தகட்டைச் செருகி, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தனியாக இயக்க வேண்டியிருந்தது. ஸ்கிரைபஸின் 1.5.3 பதிப்பில்தான் ஹார்ஃப்பஸ் வழியாகத் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேர்ந்தன. ஒரு மென்பொருளை 'தமிழுக்கு ஆகாது' என்று ஒதுக்குவதற்கு முன் எந்தப் பதிப்பைச் சோதித்தோம் என்று பார்ப்பது அவசியம்.

எழுத்து சரியாக வந்தபின்னும் வரி முறித்தல் மீதமிருக்கிறது. ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களைக் குறுகிய பத்தியில் இருபுறமும் சமன் செய்யும்போது சொற்களுக்கிடையே பெரும் வெளிகள் விழுகின்றன. நாளிதழ்கள் சொல்லை அசையில் முறித்து, இடைக்கோடு இடாமலே அடுத்த வரிக்குக் கொண்டுசெல்வது நம் மரபு. டெக் தொகுப்புகளில் தமிழுக்கான முறிப்பு விதிகள் இருக்கின்றன. ஆனால் ஆவணத்தின் மொழி தமிழ் என்று அறிவித்தால்தான் அவை செயல்படும். அறிவிக்காமல் எழுத்துருவை மட்டும் மாற்றுபவர், வெளிகள் நிறைந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு மென்பொருளைக் குறை சொல்ல வாய்ப்புண்டு.

கற்பதற்கான துணைகளிலும் இந்த இடைவெளி தெரிகிறது. 1998இல் திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய இந்திய டெக் பயனர் குழு, 2003இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட லேடெக் பாடநூல் தெளிவும் பொறுமையும் கொண்டது. சென்னையிலும் புதுச்சேரியிலும் உலக ஆய்விதழ்களுக்கு அச்சுக்கோப்பு செய்யும் நிறுவனங்கள் பல இயங்குகின்றன. அங்கே பணிக்குச் சேர்பவருக்கு எல்லாம் நிறுவப்பட்ட கணினி கிடைக்கிறது. வீட்டிலிருந்து தனியாகத் தொடங்கும் தமிழருக்கோ, பிழைச்செய்தி முதல் வழிகாட்டி வரை எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எதிர்ப்படுகின்றன.

மதிப்பீடு

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த ஒன்றும் மற்றவற்றை முழுமையாக வென்றுவிடவில்லை. முழு நிறுவல் சுமையை முதல் நாளில் வைக்கிறது. படிப்படியான நிறுவல் வழியெங்கும் பகிர்கிறது. உலாவிச் சேவை அதைப் பிறர் கணினிக்கு ஏற்றிவிட்டு, பதிலுக்குச் சார்பை ஏற்படுத்துகிறது. பார்த்தபடி அமைக்கும் மென்பொருள் அதை நீண்ட ஆவணத்தின் பின்பகுதிக்குத் தள்ளுகிறது. புதிய மென்பொருள் எதிர்காலத்தின் பொறுப்பில் விடுகிறது. ஆகவே 'எது சிறந்தது' என்பதைவிட, 'சுமையை எந்தக் கட்டத்தில் தாங்க என்னால் இயலும்' என்பதே புதியவருக்குப் பயன்தரும் கேள்வியாகத் தோன்றுகிறது.

அப்படிக் கேட்டால் சில தற்காலிக முடிவுகள் கிடைக்கின்றன. ஒரு பக்கத் துண்டறிக்கைக்காக டெக் குடும்பத்தை நிறுவ வேண்டியதில்லை. கணிதமோ குறுக்குச் சுட்டுகளோ நிறைந்த ஆய்வேட்டை எழுதப்போகிறவர், முதல் வாரம் உலாவியில் பழகிவிட்டுப் பிறகு சொந்தக் கணினியில் முழுத் தொகுப்பை நிறுவுவது பின்வாங்கலைக் குறைக்கக்கூடும். தமிழ் நூல் செய்பவர் எந்த வழியைத் தேர்ந்தாலும், நிறுவிய அன்றே 'கொ', 'கை', 'ஸ்ரீ', 'க்ஷ' ஆகியவை கொண்ட ஒரு வரியை அச்சிட்டுப் பார்த்து, வெளிவந்த கோப்பில் அதே வரியைத் தேடிப்பார்ப்பது நல்லது. அந்த ஒரு வரி இயந்திரம், எழுத்துரு, வடிவாக்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடும்.

முடிவு காணாத கேள்விகளும் உள்ளன. புதிய தலைமுறை மென்பொருள்கள் டெக்கின் நீடித்த உறுதியை எட்டுமா? உலாவிச் சேவைகளின் வசதியும் சொந்தக் கணினியின் தன்னுரிமையும் ஒரே கருவியில் அமைய முடியுமா? இடைக்கோடற்ற முறிப்பையும் நீள் சொற்களையும் உணர்ந்து தமிழ்ப் பத்தியைச் சமன் செய்யும் முறை, இயல்பிருப்பாகவே எல்லா மென்பொருள்களிலும் எப்போது வரும்? முதல் இரண்டுக்கும் உலகெங்கும் பலர் உழைத்துவருகிறார்கள். மூன்றாவதைத் தமிழ் அறிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தாலொழிய மற்றவர்கள் கவனிக்கக் காரணமில்லை. பிழைகளை உரியவர்களுக்குத் தெரிவிப்பதும், நிறுவும் வழியைத் தமிழில் எழுதிவைப்பதும், முறிப்பு விதிகளைச் சோதித்துத் திருத்துவதும் நிரலர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் அல்ல. நேற்று தட்டுத்தடுமாறித் தம் முதல் பக்கத்தை வரவழைத்தவருக்கு அந்தத் தடுமாற்றம் மறப்பதற்குள் இவற்றைச் செய்ய முடிந்தால், அடுத்து வருபவரின் சுமை இடம் மாறுவதோடு நில்லாமல் உண்மையாகவே சற்றுக் குறையும்.